சுற்றுகிறது, பற்றவில்லை

படகு இன்ஜின் கிளம்பவில்லை என்றதும் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "சுத்துதா, சுத்தவே இல்லையா?" என்றுதான். சாவியைத் திருப்பியும் சத்தமே எழவில்லை என்றால் தேட வேண்டிய இடங்கள் குறைவு. பேட்டரி, அதன் முனைகள், பியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச். கொஞ்ச நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறது, ஆனாலும் உள்ளே பற்றவில்லை என்றால்தான் ஆளைச் சோதிக்கும். எல்லாம் இருப்பது போலவே தோன்றும். இல்லாதது எது என்று மட்டும் தெரியாது. நான் எழுத நினைப்பது இந்த இரண்டாவதைப் பற்றி. அதிலும் கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற எப்.ஐ. இன்ஜினைப் பற்றி.

கடலில் இது நடந்தால் முதல் வேலை இன்ஜினில் இல்லை. உந்துதல் நின்ற கணத்திலிருந்து போட்டு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் உரியதாகிவிடும். அணியம் திரும்பி, விலாவை அலைக்குக் காட்டத் தொடங்கும். நங்கூரத்தை இறக்கி, முகத்தை அலைக்கு நேரே நிறுத்திய பிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், உருளும் போட்டில் குனிந்து நின்றுகொண்டு, பெட்ரோல் குழாயை ஒரு கையில் பிடித்தபடி ஒழுங்காக யோசிக்க முடியாது. பழுது பார்ப்பது என்பது பெரும்பகுதி யோசிக்கிற வேலை.

குமரிக் கரையில் வள்ளங்களில் இன்றும் பெரும்பாலும் இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை நெருங்கும்போது மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்த்த பிறகே நிறுத்துவார்கள். அதை மறந்தால் மறுநாள் விடிகாலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். அந்த இன்ஜினின் நோய்கள் பெரும்பாலும் வெளியே தெரிபவை. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஜெட்டில் அடைப்பா என்று வாயால் ஊதிப் பார்க்கலாம். பிளக் நனைந்திருக்கிறதா, கரி பிடித்திருக்கிறதா, வெளுத்துக் கிடக்கிறதா என்பதே பாதி விடை. எழுதிய பாடம் எதுவும் இல்லாமல், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்து வளர்ந்த வித்தை அது. கரையோரப் பட்டறைகளில் அதைச் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பழைய டூ ஸ்ட்ரோக்கின் குறை அதன் ஊதாரித்தனம். உள்ளே போகும் பெட்ரோலில் கால்பங்கு வரை, சில நேரம் அதற்கு மேலும், எரியாமலே புகைவழியில் வெளியேறித் தண்ணீரில் கலக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் படகு இன்ஜின்களுக்கான புகைக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அதன் பிறகு தயாரிப்பாளர்கள் போர் ஸ்ட்ரோக்குக்கும் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கும் நகர வேண்டியிருந்தது. காரில் இந்தத் தொழில்நுட்பம் 1967-இலேயே ஃபோக்ஸ்வாகனில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக்காக வந்துவிட்டது. அவுட்போர்டில் அது பரவ ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. உப்பும் அதிர்வும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைப்பது சின்ன வேலை இல்லை. நம் ஊரில் ரோந்துப் படகு, சுற்றுலாப் படகு என்று வந்தது, மண்ணெண்ணெயை விட்டு வெளியே வர நினைக்கும் தொழிலாளிகளிடமும் இப்போது மெல்ல வருகிறது.

தரையில் இதே மாற்றம் ஒரே நாளில் நடந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, இரு சக்கர வண்டிகள் அநேகமாக எல்லாமே எப்.ஐ. ஆயின. தெருமுனை மெக்கானிக்குகள் அதைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கடலோரப் பட்டறைக்கு அந்த வாய்ப்பு இன்னும் சரியாக வரவில்லை.

எப்.ஐ. இன்ஜினோடு பழகிய பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. பற்றாமல் சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜினை நாம் 'ரிப்பேர்' என்கிறோம். அதில் பெரும்பாலான நேரம் உடைந்த பொருள் எதுவுமே இருக்காது. கிளம்புவதற்கு முன் உறுதி செய்துகொள்ளும்படி அதற்குச் சொல்லி வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஏதோ ஒன்று நிறைவேறவில்லை, அது காத்திருக்கிறது. ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? கம்ப்யூட்டர் விழிக்கப் போதிய வோல்ட் இருக்கிறதா? பெட்ரோல் அழுத்தத்தில் நிற்கிறதா? ஃபிளைவீல் சுற்றுவதாகச் செய்தி வருகிறதா? இத்தனைக்கும் ஆம் என்று பதில் கிடைத்தால்தான் பிளக்கில் பொறியும் இன்ஜெக்டரில் பெட்ரோலும் வரும். நிபந்தனைகளை அறிந்தவருக்கு இன்ஜினின் மௌனம் ஒரு கேள்வியாகக் கேட்கும். அறியாதவருக்கு அது வெறும் பிடிவாதம்.

ஒரு பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். போர் ஸ்ட்ரோக் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டியிருந்தார்கள். சொந்தக்காரர் இளைஞர். முந்தின நாள் மாலை நன்றாக ஓடிக் கரைக்கு வந்ததாம், காலையில் பற்றவில்லையாம்.

"மாமா, புது பிளக் போட்டுப் பாத்தாச்சு. அப்பவும் இல்ல."

"பிளக்க விடு மக்கா. சாவிய ஆன் மட்டும் போடு. ஸ்டார்ட் அடிக்காத."

பெரியவர் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் நுனியை இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த சிறிய பெட்டியின் மேல் வைத்து, பிடியைத் தன் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். சுற்றி நின்றவர்களை ஒரு கையசைப்பில் அடக்கினார். சாவி திரும்பியது. 'ம்ம்' என்று தாழ்ந்த குரலில் ஒரு முனகல், இரண்டு மூன்று நொடி, பிறகு நின்றது.

"கேட்டியா?"

"கேட்டுது மாமா."

"அப்ப பம்பு இருக்கு, ரிலே இருக்கு, பியூஸ் இருக்கு, கம்ப்யூட்டருக்குக் கரண்டும் போவுது. ஒரு சத்தத்துக்கு நாலு சாட்சி."

அந்தச் சிறிய பெட்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல், குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் உருண்டையைக் கடந்து, வடிகட்டியைக் கடந்து, இன்ஜினோடு இயங்கும் சிறு பம்பால் இழுக்கப்பட்டு அந்தப் பெட்டியில் வந்து நிற்கும். சூட்டில் எழும் ஆவியைப் பெட்ரோலிலிருந்து பிரிப்பது அதன் வேலை. உள்ளே மிதவை ஒன்றும் மின்சாரப் பம்பு ஒன்றும் உண்டு. அந்தப் பம்புதான் பெட்ரோலை 250 முதல் 300 கிலோபாஸ்கல் வரை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகிறது. கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தை விட இது கூடுதல். இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டுமே திறந்து மூடும். சாவியைப் போட்டதும் பம்பு ஓடி நிற்பது, அழுத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு கட்டளைக்குக் காத்திருப்பதற்காக. பெட்டியில் பெட்ரோல் இல்லாமல் பம்பு காற்றைக் குடித்தால் முனகல் கீச்சென்று உயரும். பழகிய காதுக்கு அந்த வித்தியாசம் போதும்.

பெரியவர் அடுத்து பொறியைச் சோதித்தார்; நீலமாக, சுருக்கென்று வந்தது. ரப்பர் உருண்டையை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இறுகியிருந்தது, வழியில் காற்றுக் கசிவு இல்லை. அழுத்தமானியை மாட்டினார், முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இன்ஜின் விளக்கு எந்தக் கோளாறுக்கும் கண் சிமிட்டவில்லை. எல்லா நிபந்தனையும் நிறைவேறியிருந்தது, பற்றவில்லை.

பிறகு அவர் செய்ததை நான் மறக்கவில்லை. குடிதண்ணீர் பாட்டில் ஒன்றைக் காயவைத்து, அந்தப் பெட்டியின் அடியில் இருந்த வடிகால் திருகைத் துணி சுற்றி மெதுவாகத் தளர்த்தி, வடிந்ததை அதில் பிடித்தார். பாட்டிலை வெயிலுக்கு எதிரே தூக்கிக் காட்டினார். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பெட்ரோல் கொஞ்சம். அதற்குக் கீழே கத்தியால் கீறியது போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மங்கலாக வேறொரு திரவம், அளவில் பெட்ரோலை விட அதிகம். அதில் விரலை நனைத்துக் காற்றில் பிடித்தார். பெட்ரோல் என்றால் சில்லென்று உடனே உலர்ந்திருக்கும். உலரவில்லை.

பம்பு தண்ணீரையும் பெட்ரோலைப் போலவே அழுத்தும். அழுத்தமானிக்கு இரண்டுக்கும் பேதம் தெரியாது. கம்ப்யூட்டரிடம் வெப்பத்தை அளக்கும் உணரி உண்டு, காற்றழுத்தத்தை அளக்கும் உணரி உண்டு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் உணரி உண்டு. ஆனால், பீய்ச்சுவது என்ன பொருள் என்று பார்க்கும் உணரி அந்த இன்ஜினில் இல்லை. அது தன் கடமையைத் துல்லியமாகச் செய்து, சரியான கணத்தில், சரியான அளவில், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. தனக்குத் தெரிந்த அளவில் அது சொன்னதெல்லாம் உண்மை. தெரியாததை விரல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தண்ணீர் எப்படி வந்தது என்ற கேள்வியைப் பலர் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். தொட்டி மூடியின் காற்றுத் திருகு வழியே நீர்த்திவலை இறங்கலாம். பாதி காலியான தொட்டிக்குள் இரவுக் குளிரில் ஈரம் படியலாம். மழையில் திறந்து கிடந்த கேனிலிருந்து வரலாம். இதெல்லாம் எப்போதும் இருந்தவை. இப்போது கூடுதலாக எத்தனால் வந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கை 2030-க்கு என்று வைத்திருந்தார்கள். அதை முன்னுக்கு இழுத்து 2025-இலேயே நாடு எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். ஒரு எல்லை வரை அதனால் தொந்தரவு இல்லை, இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் தண்ணீரை அது சத்தமில்லாமல் எரித்தும் கொடுத்துவிடும். எல்லை தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். தொட்டியின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் பழைய தரத்தில் இருக்காது. கலக்கி, வடிகட்டி மறுபடி ஊற்றலாம் என்று நினைப்பதில் பயன் இல்லை. அப்படியே வெளியே எடுத்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் 15 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் படகு இன்ஜினில் ஊற்ற அனுமதியே இல்லை. அங்கே விற்கும் பெரும்பாலான அவுட்போர்டுகளின் கையேடுகள் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. காரில் ஒரு தொட்டி பெட்ரோல் சில நாளில் தீர்ந்துவிடுகிறது. தடைக்காலம் என்றும் புயல் எச்சரிக்கை என்றும் கரையில் கிடக்கும் படகில் அதே பெட்ரோல் வாரக்கணக்கில் உப்புக் காற்றோடு உட்கார்ந்திருக்கிறது. எத்தனால் கொள்கை நல்லதா கெட்டதா என்று பேச நான் வரவில்லை. கரும்பு விவசாயியின் பக்கம் அதற்கு நியாயம் இருக்கலாம். கொள்கை வகுத்தவர்கள் கடற்கரையில் கிடக்கும் தொட்டியையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைத் தொட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே பொருத்தச் சொல்லி, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கேட்பது போலக் கட்டாயமாக்கியிருக்கலாம். பெட்ரோல் பங்கில் ஒரு பலகையாவது வைத்திருக்கலாம்.

தண்ணீருக்கு அடுத்தபடி அதிகம் ஏமாற்றுவது வோல்ட். சுற்றுகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். நிற்கும்போது அளந்தால் 12.6 வோல்ட் காட்டும். நிறைந்த பேட்டரியின் அளவு அது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரத்தில் அது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. பத்துக்கும் கீழே சரிந்தால் ஸ்டார்ட்டர் எப்படியோ சுற்றிவிடும், ஆனால் கம்ப்யூட்டர் தள்ளாடத் தொடங்கும், பம்பு சோர்ந்துபோகும். ஸ்டார்ட்டர் முரட்டு வேலைக்காரன். குறைந்த கூலிக்கும் உழைப்பான். கம்ப்யூட்டர் அப்படி இல்லை.

பேட்டரி நல்லதாக இருந்தும் வழியில் கரண்ட் தொலையும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் ஈயக் காலில் வைத்து, கருப்பு முனையை அதே காலைக் கவ்வியிருக்கும் கேபிள் கிளாம்பில் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. நடுவே வோல்ட் எதுவும் காட்டக் கூடாது. அரை வோல்ட் காட்டினால் அந்த மயிரிழை இடைவெளியில் களிம்பு உட்கார்ந்து கரண்டைத் தின்கிறது என்று அர்த்தம். இப்படியே ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்துகொண்டு போகலாம். கடலோரத்தில் வயர் வெளியிலிருந்து பார்க்க மினுமினுப்பாக இருக்கும். உறையைச் சீவினால் உள்ளே செம்பு கருத்து, விரலில் பொடியாக ஒட்டும். கிளாம்பின் ஓரமாக ஏறிய உப்பீரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து வெகுதூரம் போயிருக்கும். கையால் திருகும் சிறகு நட்டுகள் அதிர்வில் தளர்வதும் இதே நோயைத் தரும். அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்பேனர் போட்டு இறுக்கும் நட்டுகளை மாட்டுவது நல்லது. பேட்டரியே இல்லாத எப்.ஐ. இன்ஜின்களும் 9.9, 15, 20 குதிரைத்திறனில் இப்போது உண்டு. கயிற்றை இழுக்கும் வேகத்தில் பிறக்கும் மின்சாரமே கம்ப்யூட்டரை எழுப்பிவிடும். அங்கே அரைமனதாக இழுத்தால் எழாது.

பொறியும் இல்லை, பெட்ரோலும் பீய்ச்சவில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை என்றால் தனித்தனியாகத் தேடக் கூடாது. இரண்டுக்கும் மேலே, பொதுவான ஒன்று போயிருக்கிறது. முதலில் சிவப்புக் கயிற்றின் சுவிட்ச். அதன் பிறகு கிராங்க் சென்சார். ஃபிளைவீலின் விளிம்பில் பற்கள் இருக்கும். எதிரே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட அந்தச் சென்சார் உட்கார்ந்திருக்கும். பல் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துடிப்பு எழும். அந்தத் துடிப்புகளைக் கொண்டுதான் பிஸ்டன் எங்கே இருக்கிறது, எப்போது பொறி விட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் அறிகிறது. வயர் அறுந்தாலோ, பிளக்கில் உப்பு ஏறினாலோ துடிப்பு போய்ச் சேராது. இன்ஜின் நம் கண்முன்னே சுற்றிக்கொண்டிருக்க, ஸ்கேன் கருவியின் திரையில் சுழற்சி பூஜ்யம் என்று காட்டும். தான் சுற்றுவதே தனக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பது விசித்திரமான அனுபவம். யோசித்தால் மனிதருக்கும் இது அந்நியமில்லை. தன் அசைவைத் தானே உணர ஏதாவது ஒன்று தன்னைக் கடந்துபோக வேண்டியிருக்கிறது.

திரை சொல்வதை எப்படிப் படிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கிராங்க் சென்சார் கோளாறு என்று குறி வந்தால் சென்சாரை மாற்று என்று அர்த்தம் இல்லை. அந்த வழியில் செய்தி வரவில்லை என்று மட்டுமே அர்த்தம். வயரா, இணைப்பா, சென்சாரா என்பதை மீட்டர் வைத்து நாம்தான் பிரித்தறிய வேண்டும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மாற்றிப் பார்ப்பது என்று ஒரு பழக்கம் பரவிவிட்டது. பிளக்கை மாற்று, இல்லையா, பம்பை மாற்று, அதுவும் இல்லையா, கம்ப்யூட்டரை மாற்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காசு கொடுப்பவர், வட்டிக்கு வாங்கித் தொழிலுக்குப் போகிறவர். மின்சாரப் பொருளின் பெட்டியைப் பிரித்துவிட்டால் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. கடைசியில் அடியில் தங்கிய ஒரு டம்ளர் தண்ணீர்தான் காரணம் என்று தெரியும்போது, பழி சுமந்த நல்ல பொருள்கள் பட்டறை மூலையில் குவிந்திருக்கும். எளிதானதிலிருந்து கடினமானதுக்கு, வெளியிலிருந்து உள்ளுக்கு, காசில்லாத சோதனையிலிருந்து காசுள்ளதுக்கு என்று போகும் வரிசை, சோதிப்பவரின் வசதிக்காக மட்டும் உண்டானது இல்லை. அதில் அடுத்தவர் காசின் மேலுள்ள மரியாதை இருக்கிறது. காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதை அவமானமாக நினைக்கும் மெக்கானிக்கிடம் இன்ஜினைக் கொடுக்க நான் பயப்படுவேன்.

பெரியவர் அன்று ஸ்குரூ டிரைவராலும் விரலாலும் கண்டுபிடித்தார். எல்லா நேரமும் அது போதாது. இன்ஜெக்டர் எத்தனை நேரம் திறக்கிறது, சென்சார்கள் ஒவ்வொன்றும் என்ன அளவு சொல்கின்றன, முந்தின வாரம் என்ன கோளாறு பதிவானது என்பதெல்லாம் இன்ஜினுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்க அந்தந்த நிறுவனத்தின் கேபிளும் மென்பொருளும் வேண்டும். யமஹாவுக்கு ஒன்று, சுசுகிக்கு வேறு ஒன்று, மெர்குரிக்கு இன்னொன்று. கார்களுக்கு அமெரிக்காவில் 1996 முதல் ஒரே மாதிரியான இணைப்பு கட்டாயமானது. அதன் பலனாக இன்று தெருமுனையில் சில நூறு ரூபாய்க் கருவியை மாட்டி எந்தக் காரின் குறிப்பையும் படிக்கிறார்கள். படகு இன்ஜினுக்கு அப்படி ஒரு கட்டாயம் வரவில்லை. நிறுவனம் இருக்கும் வரைக்கும் டீலரைத் தேடி ஓடலாம். நூறு ஆண்டுக்கும் மேலான பெயர் எவின்ரூட். 2020 மே மாதம் அந்த அவுட்போர்டுகளின் உற்பத்தியை நிறுத்துவதாக அதன் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். இன்ஜின்கள் மட்டும் உலகத்தின் கரைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தியாவில் பழுது பார்க்கும் உரிமை பற்றி 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டுப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். டிராக்டர் அதில் இருக்கிறது. உழவருக்கு டிராக்டர் எதுவோ அதுதான் கடலோடிக்கு அவுட்போர்டு. அது பட்டியலில் தனியாக இல்லை.

தொழில்நுட்பத்தைக் கரைக்காரர் கைக்குக் கொண்டுவரும் முயற்சி இந்தக் கரைக்குப் புதிது இல்லை. முட்டத்தில் 1970-களிலும் 80-களிலும் பிளைவுட் படகு கட்டிப் பார்த்த அனுபவத்தைப் பற்றி, அங்கே பணியாற்றிய பியர் ஜில்லே 1985-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். சிறிய படகின் தொழில்நுட்பம் எத்தனை சிரமப்பட்டு வேரூன்றுகிறது என்பதுதான் அதன் பொருள். 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் அவுட்போர்டுகளுக்குப் பட்டறைகள் நடத்தியது. இன்ஜினைக் கொண்டுவருவதோடு, அதைத் திறந்து பார்க்கும் கையையும் உருவாக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எப்.ஐ. இன்ஜினுக்கும் அதே அக்கறை வேண்டும். மானியத்தில் இன்ஜின் கொடுக்கும்போது ஊருக்கு ஒரு ஸ்கேன் கேபிளும், அழுத்தமானியும், மல்டிமீட்டரும், அவற்றைப் பிடிக்கத் தெரிந்த ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து வர வேண்டும்.

அதற்கு முன்னால் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெரும்பாலான எப்.ஐ. அவுட்போர்டுகள் கேபிள் இல்லாமலும் கொஞ்சம் பேசும். எச்சரிக்கை விளக்கு இத்தனை முறை நீளமாக, இத்தனை முறை சுருக்கமாகச் சிமிட்டினால் இன்ன கோளாறு என்று அட்டவணை உண்டு. அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிடலாம். கூடவே வடிகால் திருகு எங்கே இருக்கிறது, மெயின் பியூஸ் எத்தனை ஆம்பியர், உபரி பியூஸ் மூடிக்குள் எந்த இடத்தில் செருகியிருக்கிறது, பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்துவிட்டால் அந்த மாடலில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து சுற்றி உலர்த்தலாமா கூடாதா என்பதையும் சேர்க்க வேண்டும். இன்ஜின் மூடியின் உட்புறத்தில் அதை ஒட்ட இடம் இருக்கிறது. தாள் மட்டும் உப்புத் தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் தாங்குவதாக இருக்க வேண்டும். எழுத்து, விடியாத நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.